ஆபீசருக்கு மட்டும் வந்த கோபம்

கோபம் வந்ததை இங்கிலீஷில் பத்து விதமாகச் சொல்ல எனக்குத் தெரியும். இந்த வயதில் அதில் ஒன்றுக்குக்கூடத் தெம்பு இல்லை. வீட்டில் யாராவது கத்தினால் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பத்தும் மறக்கவில்லை. நான் படித்த லட்சணம் அப்படி.

எட்டாம் வகுப்புக் காலாண்டில் இங்கிலீஷில் பதினேழு மார்க். கோபத்தைச் சொல்லும் மரபுத்தொடர்கள் ஐந்தை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள். நான் கேள்வியையே அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி வைத்திருந்தேன். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவிடம் ஒரு பெல்ட் இருந்தது. அது அவர் இடுப்பில் இருந்ததைவிட என் முதுகில் இருந்த நேரம் அதிகம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கார்த்திகை ஒன்றாம் தேதி அப்பா ஐயப்பனுக்கு மாலை போடுவார். போட்டால், மலைக்குப் போய்த் திரும்பும்வரை கோபப்படக் கூடாது, கை ஓங்கக் கூடாது. அதுவரை வாத்தியாரிடம், "அப்பா ஊர்ல இல்ல சார்" என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அப்பாவோ தினமும் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் சைக்கிளில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார்.

மாலை போட்ட அன்று சாயங்காலம் கார்டோடு இங்கிலீஷ் விடைத்தாளையும் நீட்டினேன். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது. அங்கே கறுப்பு வேட்டிதான் இருந்தது.

"உட்காருங்க சாமி," என்றார்.

மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்றுதான் அழைக்க வேண்டும். ஆனாலும் பெற்ற பிள்ளைக்கு 'ங்க' போட்டுவிட்டார். இதற்கு நாலு அடியே மேல்.

"கோவத்துக்குப் பத்து சொல்றேன், எழுதிக்கோங்க. தினம் காலைல ஒப்பிக்கணும்."

"மலைக்குப் போயிட்டு வந்ததும் மொத்தமா ஒப்பிச்சிடுறேனே, சாமி?"

"அப்போ நான் சாமி இல்ல. பரவால்லீங்களா?"

எழுதிக்கொண்டேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற கிளார்க் அவர். இங்கிலீஷ் பேப்பரைக் கையில் தொட்டுப் பார்த்ததில்லை. புத்தகம் எதையும் பார்க்காமல் உதாரணத்தோடு மளமளவென்று சொன்னார். தி ஆபீசர் சா ரெட். தி ஆபீசர் ஹிட் தி ரூஃப். தி ஆபீசர் ஃப்ளூ ஆஃப் தி ஹேண்டில். பத்து விதமாகக் கோபம் வந்தது, பத்திலும் ஆபீசருக்குத்தான்.

அந்த நாற்பது நாளும் அப்பா வேறு ஆளாக இருந்தார். சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார். "ஆபீஸ்ல எல்லாரும் சாமின்னுதான் கூப்பிடுறாங்களாம். ஆபீசரே இவர்கிட்ட குரலை ஒசத்துறது இல்லையாம்," என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமை பேசினாள். நானோ மிச்சமிருக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊரே அண்ணாமலை உச்சியைப் பார்த்து அரோகரா போட்டபோது, அப்பா மாலையைக் கழற்றவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அண்ணாமலையாரை முழுசாக நம்பாமல் பெல்ட்டை அரிசி டின்னுக்குள் புதைத்தும் வைத்தேன்.

அரையாண்டில் அதே கேள்வி வந்தது. அப்பா சொன்னதை ஆபீசரோடு அப்படியே எழுதினேன்.

"ஏன்டா, உங்க வீட்ல ஆபீசருக்கு மட்டும்தான் கோவம் வருமா?" என்றார் வாத்தியார். ஆனாலும் முழு மார்க் போட்டார்.

அப்பா மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றினார். அவர் வாய் திறப்பதற்குள் எதிரே போய் நின்று பத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"போதும்டா."

'டா' வந்துவிட்டது! கண்ணை மூடிக்கொண்டு நானாகவே முதுகைக் காட்டினேன். ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால், கழற்றிய மாலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பினார். பெல்ட்டைத் தேடினார். அது எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. தொளதொளத்த பேண்ட்டைக் கையால் இழுத்துவிட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

நாற்பது நாள் வெறுங்காலில் நடந்தவருக்குச் செருப்பு கடிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.