நாற்பதைத் தாண்டாத முள்

கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் எல்லாரும் என்னை முந்திப் போகிறார்கள். காருக்கு டீசல் போட்டால் கையில் இருப்பது பாதி வழிக்குக்கூடக் காணாது. அதனால் பழைய பைக்கில் வந்திருக்கிறேன். வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டக்கூடாது. அப்போதுதான் இருக்கிற பெட்ரோலில் ஊர் போய்ச் சேரலாம்.

மீன் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று, என் முழங்காலில் ஐஸ் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் பறக்கிறது. ஓட்டுகிறவர் ஐம்பது வயதுப் பெண். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருக்கிறார்.

வழியில் இட்லி சாப்பிட்டு, எஞ்சினை ஆறவிட்டு, அறந்தாங்கியை நெருங்கினால், டீக்கடை வாசலில் அதே மொபெட். அவர் காலிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

“வண்டியில கோளாறாங்க தம்பி? உருட்டிக்கிட்டு வந்தீங்க.”

“இல்லக்கா. பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் மெதுவா வாரேன்.”

“நானும் மெதுவாத்தான் போவேன்.”

“என்னைத் தாண்டிப் பறந்தீங்களே?”

“அப்பப் பொட்டியில மீனு இருந்துச்சு. பெட்ரோலைப் பாத்தா ஐஸ் உருகிரும், மீனு கெட்டுப்போயிரும். காலிப் பொட்டியோட திரும்பிப் போறப்பதான் மிச்சம் பிடிக்கணும்.”

டீயைக் குடித்துவிட்டு, வந்த வழியே கிளம்புகிறார். சைக்கிளில் போகிற ஒருவர் அவரை முந்துகிறார். அக்கா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நானும் என் வழியில் கிளம்புகிறேன். முள் நாற்பதில் நிற்கிறது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது.

அடிக்கட்டும்.