எடை ஏறிய வாரம்

பத்தாவது வரை மட்டும் படித்த நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறேன். எடையைக் குறைக்காவிட்டால் சர்க்கரைக்கு மாத்திரைதான் என்று டாக்டர் சொன்னதால், உடன் வேலை செய்யும் கலாவோடு தினமும் ஷிப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரி வரை நடந்தேன். வாரம் ஒருமுறை முதலுதவி அறையில் எடை பார்ப்போம். ஒரு வாரம் பார்த்தபோது எனக்கு ஒரு கிலோ ஏறியிருந்தது.

“இன்னாக்கா, எனுக்குத் தெரியாம வடை துன்னுக்கினு கீறியா?” என்று கலா சிரித்தாள். மாத்திரை வாங்க நின்ற ஆண்களும் சிரித்தார்கள். இனி நடப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

தென்காசிப் பக்கத்து நர்ஸ் என் காதருகே குனிந்து, “மாசத் தேதி நெருங்குதாக்கா?” என்று கேட்டாள். தலையாட்டினேன்.

“அதுக்கு முன்னால உடம்புல தண்ணி கோத்துக்கிடும். ஏறுனது அதுதான். இந்த நாள்ல நடந்தா சில பேருக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடவே எரியும்னு சொல்லுதாவ. இப்பப் போயி நிறுத்திராதீங்க.”

அந்த நாட்கள் நெருங்கினாலே உடம்பு எதற்கும் உதவாது என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் கலாவுக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை. நான் தனியாகச் சேரப்பணஞ்சேரி வரை நடந்து திரும்பினேன்.