கழுதைப் படமா, எலுமிச்சம்பழமா

மைக் செட் செல்லப்பன் குழாய் ஸ்பீக்கரை எந்த மரத்தில் ஏற்றினாலும் அதன் வாய் கண்ணாயிரத்தின் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கும். ஆடிக்கூழ் ஆனாலும் சரி, எவர் வீட்டுக் காதுகுத்து ஆனாலும் சரி. விடிய எழுந்து உப்பளத்தில் வெயிலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, மத்தியானம் அவர் ஒரு கண் அசரலாம் என்றால் நடக்காது. கேட்டால், "காத்து அந்தப் பக்கம் அடிக்குது, நான் இன்னா பண்றது" என்பார். வருஷக்கணக்காக ஒரே பக்கமா காற்று அடிக்கும்? கண்ணாயிரத்துக்கு இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

செல்லப்பன் ஒல்லியான ஆள். காதில் டெஸ்டரைச் செருகியிருப்பார். அதைக் காணோம் என்று வீடெல்லாம் தேடுவார். கல்யாண வீட்டில் செட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிடுவார். சாவு வீடென்றால் பாடை கிளம்பும்வரை நகரமாட்டார். அங்கே அவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேசட்தான். சின்னப்பாப்பாவின் ஒப்பாரி.

சின்னப்பாப்பா அளத்தில் உப்பு வாரியவள். யார் சாவிலோ அவள் அழுததைச் செல்லப்பன் மைக் வைத்துப் பிடித்துவிட்டார். அவளும் போய்ச் சேர்ந்தாள், குரல் மட்டும் சுற்றுப்பட்டுச் சாவு வீடுகளில் எல்லாம் அழுதுகொண்டிருந்தது. கீழ்புத்துப்பட்டில் இருந்துகூட வந்து காப்பி எடுத்துப் போனார்கள். அதிலிருந்து இன்னொரு காப்பி பாண்டிக்கு, அங்கிருந்து சிங்கப்பூருக்கு, பிரான்சுக்கு என்று எங்கெங்கோ போனதாகச் சொல்வார்கள்.

சுனாமி அன்று செல்லப்பனின் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து கேசட் பெட்டி மொத்தமும் ஊறிப்போனது. மாடியில் காயவைத்துப் போட்டுப் பார்த்தார். வெறும் கொரகொரப்புதான் வந்தது. காப்பி வாங்கிப் போனவர்களைத் தேடிப் போனால், வீட்டையே காணோம், கேசட்டுக்கு எங்கே போவது என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னப்பாப்பாவின் புருஷன் கலியன் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போன செல்லப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா அவதான் எனக்கு அழுவணும்" என்றார். கேசட் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. செல்லப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

பாண்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாலகுரு, வெளிநாடு போன காப்பி எவன் கம்ப்யூட்டரிலாவது இருக்கும் என்று சொல்லி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் செல்லப்பனிடம் தள்ளிவிட்டுப் போனான். டெலிபோன் ஒயர் வழியாக ஊரான் கம்ப்யூட்டரில் இருக்கிற பாட்டை எடுக்க மூன்று சாப்ட்வேர் போட்டுக் கொடுத்திருந்தான். ஒன்றில் கழுதைப் படம், ஒன்றில் நறுக்கிய எலுமிச்சம்பழம், இன்னொன்றில் வெறும் நீல எழுத்து. எது நல்லது என்று கேட்டதற்கு, எல்லாம் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். நம்மிடமிருந்து யாரும் எடுக்காமல் தடுக்க ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னானாம். எந்தக் கட்டம் என்று தெரியாமல் செல்லப்பன் ஒன்றையும் தொடவில்லை.

கண்ணாயிரம் வீட்டில் போன் கிடையாது. உப்புத் தரகர் கூப்பிடுவது செல்லப்பன் வீட்டு நம்பருக்குத்தான். அந்த லைனைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாய் லைன் கிடைக்கவில்லை என்று தரகர் ஆள் அனுப்பவே, கண்ணாயிரம் சண்டைக்கு வந்தார். வந்த இடத்தில் அவரும் ஸ்கிரீன் முன்னால் மாட்டிக்கொண்டார்.

"இதுக்கு யாருய்யா மொதலாளி?"

"மொதலாளி இல்லயாம்."

"அப்ப பாட்டு எங்கேருந்து வருது?"

"எவன் வூட்லேருந்தோ வருது. நம்ம வூட்லேருந்தும் போவுது."

"யாருக்கு?"

"அதாம்பா எனக்கும் புரியல."

எலுமிச்சம்பழம்தான் மங்களகரம் என்றாள் செல்லப்பனின் மனைவி ஜெயா. டீக்கடையில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டியிருக்கிறதே, அதற்கு அர்த்தம் இல்லாமலா என்றார் கண்ணாயிரம். செல்லப்பன் காலையில் எலுமிச்சையைத் திறந்தார், மத்தியானம் கழுதைக்கு மாறினார், சாயங்காலம் மறுபடி எலுமிச்சை. சின்னப்பாப்பா பேரை இங்கிலீஷ் எழுத்தில் எத்தனை விதமாய் அடித்தாலும் யார் யாரோ பாப்பாக்கள் வந்தார்கள். கடைசியில் கழுதையில் ஒரு வரி அகப்பட்டது. அதில் மரக்காணம் என்று இவர்கள் ஊர்ப் பேரே இருந்தது.

"இதுல க்யூவுல எத்தனாவது ஆளுன்னு காட்றாம்பா. ரேஷன் கடை மாதிரி. நின்னா கெடைக்கும்" என்றார் செல்லப்பன். அதற்குப் பிறகு அவர் எலுமிச்சைப் பக்கம் போகவில்லை.

பாட்டு சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தபோதே கலியன் இறந்துபோனார். போன் போகவில்லை என்று மகன் முருகையன் சைக்கிளில் வந்து நின்றான். பொழுது சாய்வதற்குள் பாடையை எடுத்துவிடுவார்களாம். செல்லப்பன் செட்டை ஒரு வண்டியில் ஏற்றி அவனோடு அனுப்பினார். கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு வேண்டுமே என்று ஜெனரேட்டரை மட்டும் நிறுத்திக்கொண்டார். வரிசையில் நின்றவர் பாதியில் போவதா, வெறுங்கையோடு அங்கே போய் நிற்பதா என்று தெரியாமல் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார்.

உச்சிப்பொழுது தாண்டி ஸ்கிரீனில் கோடு நிரம்பியது. அமுக்கினார். முதலில் ஒரு இருமல் கேட்டது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கச் செல்லப்பன் எப்போதும் இருமுகிற இருமல், வயசு மட்டும் குறைச்சல். அதற்குப் பின்னால் சின்னப்பாப்பா எழுந்தாள். ஜெயா ஈரக்கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிடியில் ஏற்றி, துண்டில் சுற்றி, செல்லப்பன் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார். இனியாவது தரகருக்கு லைன் கிடைக்கட்டும் என்று கண்ணாயிரம் சுவிட்சுக்குக் கை நீட்டினார். செல்லப்பன் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார். ஸ்கிரீனில் கீழே இன்னொரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்தாத. இத்த நம்மகிட்டேருந்து எவனோ எடுத்துக்கினு இருக்கான். பாதிதான் போயிருக்குது."

"எவன்யா அவன்?"

"தெரியலயே. ஒப்பாரிய எவன் சும்மா எடுப்பான்? அவன் வூட்லயும் யாரையாவது கெடத்தி வெச்சிருப்பாங்க. முழுசா போற வரைக்கும் நீ இங்கயே குந்தியிரு, கண்ணாயிரம்."