காற்று இறைத்த கோடை

கிணறு வற்றிய அந்தக் கோடையில், எழுந்ததும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுப் பார்ப்பேன். கல் ஈரமில்லாமல் மேலே வரும். டைரியில் ‘இல்லை’ என்று எழுதுவேன். மை காய்வதற்குள் வெளியே கப்பி கிறீச்சிடும். என் மனைவி எருதுகளைப் பூட்டியிருப்பாள்.

தண்ணீரில்லாத கிணற்றில், நீர் இறைக்கும் தோல்பையான சாலை வெறுமனே இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பாள். எருதுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்னோக்கி அடிவைத்து ஏறினால் கீழே போகும். பின்னோக்கி நடப்பது மாட்டுக்கு இயல்பில்லை. பழக்கம் விட்டுப்போனால் மறந்துவிடும் என்றாள்.

எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. சோளத்தட்டுப் போர் நாளுக்கு நாள் கரைந்தது. தீவனம் தீருமுன் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போய் ஜோடியை விற்றுவிடுவதென்று முடிவு செய்து, அவளிடமும் சொல்லியிருந்தேன். விற்கப்போகிற மாட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன்.

“அந்தியூர் போற வரைக்கும் இதுக நம்ம மாடுதானுங்களே” என்றாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுக்கவில்லை.

“ஏனுங்கக்கா, என்னத்தை எறைக்கறீங்க, காத்தையா?”

“ஆமாங்க தம்பி. இன்னைக்கு நல்லா ஊறியிருக்குது. உங்க காட்டுக்கும் ரண்டு சால் உடட்டுங்களா?”

அவர் சிரித்துக்கொண்டே போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அந்த வாரத்தில் உச்சிவெயிலுக்குக் கிணற்றுக்குள்ளேயே போய்ச் சாப்பிடலாம் என்று அவள்தான் சொன்னாள். படியிறங்கிப் பாறைமேல் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்தோம். தண்ணீர் இருந்த காலமெல்லாம் நாங்கள் பார்த்தறியாத இடம். மேலே வானம் சதுரமாக, ஒரு நீலத் துண்டாக இருந்தது. சுவரின் பொந்துகளில் புறாக்கள் முனகின. குளிர்ச்சியில் கண் சொருகியது. நாங்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதாகவும், தலைக்கு மேல் அலை மெல்ல அசைவதாகவும் தோன்றியது. விழித்தபோது அவள் பாறைவெடிப்பு ஒன்றில் உள்ளங்கையை வைத்திருந்தாள். சில்லென்று இருக்கிறது என்றாள். நானும் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பாறை பாறையாகத்தான் இருந்தது.

ஆடி வந்தது. மறுநாள் விடியலில் அந்தியூருக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. கொம்புகளுக்குச் சாயம் பூச வேண்டியிருந்ததால் அன்று நான் கல்லைக் கயிற்றில் கட்டவே இல்லை. ஒரு கொம்புக்குப் பூசி முடிப்பதற்குள் அவள் வழக்கம்போலப் பூட்டிவிட்டாள்.

தினமும் சால் அடியில் படும்போது காய்ந்த தோல் பாறையில் அறைகிற சத்தம் வரும். அன்று அது வரவில்லை. யாரோ ஈரத்துணியை மெல்லக் கீழே வைத்ததுபோல ஒரு சத்தம். எருதுகள் சரிவில் இறங்கின. தளர்ந்திருந்த கயிறு விறைத்தது.

கால் சால்கூட இருக்காது. அதிலும் பாதி சேறு. “ஏனுங்க, வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சாயக் கிண்ணத்தோடு ஓடினேன். கீழே அந்த வெடிப்பிலிருந்து பாறைமேல் மெல்லிய கோடாக நீர் மின்னியது.

எங்கள் காட்டுப் பருத்திக்கு அது போதாது. ஒரு பாத்தி தீவனச் சோளத்துக்குக் காணும். அந்தப் பாத்தி பச்சை கட்டும்வரை போரில் மிச்சமிருந்த தட்டை அளந்து போட்டால் மாடுகள் தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சாலைத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கொம்பில் மட்டும் சாயம் பூசிய எருது, தன் ஜோடியோடு, எப்போதும்போலப் பின்னோக்கி அடிவைத்துச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது.