கண்ணுக்குக் கீழே இரண்டு வருஷம்

என் மகளின் கல்யாண ஆல்பத்தில் எனக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பே இல்லை. போட்டோக்காரரிடம் சொல்லி அதை அழிக்கவைத்தவள் என் மனைவி ஸ்டெல்லா. அன்பு என்று நினைத்தேன்.

குலசேகரத்தில் முப்பது வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியுமுன் எழும் தொழில். "மக்கா, கண்ணுக்கு மை எழுதினியா?" என்று கூட வெட்டும் தங்கராஜ் கேலி செய்வான். தூக்கக்குறைவு என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன்.

பாதம் எரியத் தொடங்கிய பிறகுதான் நானும் ஸ்டெல்லாவும் நாகர்கோவில் போனோம். டாக்டர் முதலில் என் சட்டைக் காலரை விலக்கினார். கழுத்து மடிப்பும் கறுத்திருந்தது.

"கண்ணுக்குக் கீழ கறுப்பு வயசாலயும் வரும். கழுத்தும் கறுத்து வயிறும் தள்ளியிருந்தா ரத்தம் பாக்கணும்" என்றார். இன்சுலின் எதிர்ப்பாக (சுரக்கும் இன்சுலினை உடலே சட்டைசெய்யாமல் விடுவது) இருக்கலாம் என்றார்.

பிறகு கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதித்தார். எப்போது தொடங்குவார் என்று காத்திருந்தேன். அவர் முடித்துவிட்டிருந்தார்.

ரத்த முடிவில் சர்க்கரை எக்கச்சக்கம். "இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. முன்னாடி ரத்தம் பாத்ததே இல்லையா?"

"ரெண்டு வருஷம் முன்ன சபையில நடத்துன மருத்துவ முகாம்ல எடுத்தாவ. ஒண்ணும் இல்லண்ணுட்டாவ."

முகாமில் ரத்தச் சோதனைச் சீட்டை வாங்கி வந்து அப்படிச் சொன்னவள் ஸ்டெல்லாதான். இப்போது தலை குனிந்துகொண்டாள்.

ஏன் மறைத்தாய் என்று வராந்தாவில் அவளிடம் கேட்டேன்.

"மகளைப் பெண்ணு கேட்டு வந்த சமயம். அப்பனுக்குச் சர்க்கரைண்ணா, குடும்ப நோயிண்ணு பேசமாட்டாவளா?"

"கல்யாணம் முடிஞ்ச பொறவு?"

"பொறவு சொல்லப் பயமாயிட்டு."

சம்பந்தம் பேசும் நேரத்தில் மருந்துச்சீட்டை ஒளிப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது அம்மாவின் இழுப்பு மருந்தை நானே ஒளித்திருக்கிறேன். ஊருக்கு மறைக்கலாம், நோய்க்காரனுக்கே மறைப்பதா? கல்யாண விருந்தில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றியதும் அவள்தான். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் சீட்டை நீங்களே வாங்குங்கள்.

மாத்திரை, நடை, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைக் குறைத்தது என்று சர்க்கரை இறங்கிவிட்டது. கழுத்துக் கறுப்பும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காயம் பட்டாலும் தெரியாதாம். தினமும் யாராவது பார்க்க வேண்டுமாம்.

சாயங்காலம் ஸ்டெல்லா என் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

கண்ணைத் திறந்து பார்ப்பேன். அவள் விரல் பாதத்தில்தான் இருக்கும். ஆனாலும் மறுநாளும் திறந்து பார்ப்பேன்.