பிள்ளைப்பாக்கத்து ஒத்தும் நான் சுரண்டிய மெழுகும்

பழைய வாத்தியங்களைத் தேடி ஊர் ஊராகப் போக ஆசைப்படும் சிலர், எப்படிப் போவது, என்ன விலை கேட்பது என்று இந்தப் பக்கத்தில் விசாரிக்கிறார்கள். லாபம் வந்த பயணங்களைப் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. இது நான் தப்புச் செய்த பயணம். 1976, மாசி மாதம், ஒரு புதன்கிழமை.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. சென்னையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பழைய வாத்தியக் கடை வைத்திருந்தேன். மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சீக்கிரம் வீடு திரும்பி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால், எங்கே சரக்கு இருக்கிறது என்று யார் சொன்னாலும் கிளம்பிவிடுவேன். சுங்குவார்சத்திரத்து மேள கோஷ்டியில் தவில் வாசிப்பவர் ஒருவர் தோல் மாற்ற வந்தபோது தகவல் சொன்னார். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு நாயனம் இரண்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது, வாசித்தவர் செத்துப்போய்விட்டார், அவருக்கு ஒத்து ஊதிய தம்பி முனுசாமி தனியாக இருக்கிறார்.

“எங்க கோஷ்டிக்கு ஒத்துக்கு ஆள் இல்ல சார். ரெண்டு தபா போய்க் கூப்ட்டோம், வரமாட்டேன்றாரு. நாயனத்தையாவது நீங்க வாங்கினு போங்க.”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒத்து என்பது நாயனத்தைவிட நீளமான குழல். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது, அடிப்பக்கத்தில் மட்டும் சில துளைகள் இருக்கும். ஒரே சுரம், ஆதார சட்ஜம், அதையே அறுபடாமல் மணிக்கணக்கில் ஊத வேண்டும். கல்யாண வீட்டில் ஒத்துக்காரரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நிறுத்தினால்தான் பார்ப்பார்கள்.

பாரிமுனையில் காலை 7.10-க்குப் பேருந்து. ஸ்ரீபெரும்புதூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, டிக்கெட் இரண்டு ரூபாய் பத்து காசு. இடதுபக்க ஜன்னலைப் பிடித்தால் செம்பரம்பாக்கத்தில் ஏரிக்காற்று வரும். 8.50-க்கு இறங்கி, இரண்டு இட்லியும் ஒரு டீயும், நாற்பத்தைந்து காசு. ஒரகடம் பேருந்து 9.30-க்கு என்றார்கள், 10.05-க்கு வந்தது. பிள்ளைப்பாக்கம் ஆறு கிலோமீட்டர், நாற்பது காசு.

கண்டக்டரிடம் வழி கேட்டேன். “நாயனக்காரர் வூடா? ஏரிக்கரையப் புட்ச்சி நேரா போ. புளியமரத்தாண்ட தகரக் கதவு போட்ட வூடு. அவரு பேசமாட்டாரு, ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பேசிக்க” என்றார்.

கரைமேல் இருபது நிமிட நடை. அறுப்பு முடிந்து வயலெல்லாம் காலி. வழியில் ஒரு ஆள் இல்லை, தண்ணீர் குடிக்க ஒரு கடை இல்லை. போகிறவர்கள் கையோடு கொண்டுபோங்கள்.

முனுசாமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வருஷக்கணக்காகக் காற்றை அடக்கி வைத்திருந்த கன்னங்கள் தொளதொளவென்று தொங்கின. வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

“யாரு?”

“சென்னையிலேர்ந்து வர்றேன் அண்ணே. வாத்தியக் கடை.”

“நாயனத்துக்கா? ஊதுவியா நீ?”

“ஊதமாட்டேன், விப்பேன்.”

“அதான மூஞ்சிலயே எழுதிக்கீதே” என்று கதவைத் திறந்துவிட்டார்.

துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல ஆச்சா மரம், நாட்பட்டுக் கறுத்தது, எங்கும் விரிசல் இல்லை. நான் நூற்று அறுபது என்றேன், அவர் நூற்று எண்பது என்றார், நூற்று எழுபதில் முடிந்தது. மொத்தம் ஐந்து நிமிடம். அதோடு எழுந்து வந்திருக்கலாம். மூலையில் ஒத்து சாய்ந்திருந்தது. ஜோடியாக விற்றால் நல்ல விலை போகும்.

“அது வெலைக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, எனக்குத் தண்ணீர் இறைத்து வரக் கொல்லைப்புறம் போனார்.

வேண்டாம் என்கிறவரிடம் குறையைக் காட்டிப் பேசினால் மனசு மாறும் என்பது என் அனுபவம். ஒத்தை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத் துளைகள் இரண்டில் கறுப்பாக மெழுகு அடைத்திருந்தது. எங்கள் தொழிலில் மெழுகு என்றால் வெடிப்பை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பேனாக்கத்தியை எடுத்து இரண்டையும் சுரண்டிவிட்டேன். வெடிப்பு இல்லை. தலை நிமிர்ந்தால் சொம்போடு நிற்கிறார்.

“இன்னா பண்ணிகினு கீற?”

“வெடிப்பு இருக்கான்னு பாத்தேன்ணே.”

“அது அண்ணன் வெச்ச மெழுகு” என்றார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு நாயனக்காரர் சுருதியும் மயிரிழை வித்தியாசப்படுமாம். அந்தத் துளைகளில் மெழுகைக் கூட்டிக் குறைத்துத்தான் ஒத்தை அவரோடு சேர்ப்பார்களாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தன் கையால் வைத்தது. சாயங்காலம் ஆனால் முனுசாமி அதை எடுத்து ஊதுவாராம். எதிரே நாயனம் இல்லாவிட்டாலும் அண்ணனுடைய சட்ஜம் வீட்டில் கேட்கும்.

“சத்திரத்துக்காரங்களோட போவணும்னா இத்த எடுத்துட்டு அவங்க சுதிக்கு வெக்கணும். எடுக்கக் கை வரல. நீ வந்த, ஒரே சொரண்டு.”

“திரும்ப வெச்சிடலாமேண்ணே.”

“எத்த வெச்சி? நாயனம் பேசணும், அதுங்கூட சேக்கணும். ஊது.”

எனக்குத் தெரிந்தது ஒரே சுரம். சரக்கை வாங்கும்போது காற்று ஒழுகுகிறதா என்று பார்க்கப் பழகிய அதே சட்ஜம். அண்ணன் வாயில் வைத்து ஊதிய சீவாளியைத் தண்ணீரில் நனைத்து, நாயனத்தில் செருகிக் கொடுத்தார். ஊதினேன்.

“கன்னுக்குட்டி கத்துது” என்றார்.

நான்காவது தடவைதான் சத்தம் நிலைத்தது. அவர் மெழுகை வெயிலில் காட்டி உருட்டினார், வைத்தார், ஊதினார், கிள்ளினார், மறுபடி ஊதினார். அரை மணி நேரம். கடைசியில் இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருந்த அதிர்வு நின்றது. எது என்னுடையது, எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை. விலை பேசுவதைத் தவிர இன்னொரு மனுஷரோடு சேர்ந்து நான் எதையும் செய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்கு மூச்சு முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக ஊதிவிட்டு நிறுத்தினார்.

“சேந்துடுச்சேண்ணே” என்றேன்.

“சேந்துச்சி, ஒன்னோட. அண்ணன் இத்தவிட ஒரு நூல் தூக்கிப் புடிப்பாரு.” சீவாளியைக் கழற்றித் துடைத்தார். “அது கொயல்ல இல்லபா. அவரு ஒதட்டுல இருந்துது.”

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் நான். கூட இருபது ரூபாய் வைத்தேன். “பேசன வெல பேசனதுதான்” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒத்தை மடியில் போட்டு, இப்போது வைத்த மெழுகைத் தன் கட்டைவிரல் நகத்தாலேயே நோண்டி எடுத்தார். துண்டில் சுற்றினார். தகரக் கதவைப் பூட்டினார். என்னைத் துரத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஒன்னு இருவதுக்கு பஸ்ஸு கீது, நட” என்று முன்னால் நடந்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் அவரும் இறங்கினார். காஞ்சிபுரம் போகும் வண்டி, வழியில் சுங்குவார்சத்திரம், கிளம்பிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த நாயனத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“அங்க சேருமாண்ணே?”

“அவங்க ஆளு ஊதட்டும். மெழுகுதான, வெச்சிக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓடும் வண்டியில் ஏறினார். அவருக்கு இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். விற்கிறவரின் அனுமதி இல்லாமல் மெழுகு, நூல், துணிச்சுற்று எதையும் தொடாதீர்கள்; உங்களுக்குக் குறையாகத் தெரிவது அவர்களுக்கு அளவு. விலைக்கு இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சீவாளியை மட்டும் கேட்காதீர்கள், அது வாசித்தவர் வாயில் இருந்தது.

நாயனத்தை மூன்று வாரத்தில் நல்ல லாபத்துக்கு விற்றேன். வாங்குகிற ஆள் வருவதற்கு முன்னால், கடையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, வேறொரு சீவாளியைச் செருகி ஒரு தடவை அந்த ஒரே சுரத்தை ஊதிப் பார்த்தேன். பக்கத்தில் ஒத்து இல்லை. நான் ஊதியது சரியா, தவறா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.