சின்னம்மா போடாத குளிசை

அடுத்த வயல் வட்டையில் வேளாண்மை செய்த ஒருவர் எலிக்காய்ச்சலில் இறந்துபோன பிறகுதான் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் தெருவுக்கும் வந்தார். வரம்புப் பொந்துகளில் இருக்கும் எலிகளின் மூத்திரம் வயல் தண்ணீரில் கலந்திருக்கும், காலில் சின்னக் கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போய்விடும் என்று விளங்கப்படுத்தி, களை பிடுங்கப் போகிறவர்களுக்கெல்லாம் குளிசை கொடுத்தார். கிழமைக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அம்மாவும் அம்மாவின் தங்கையும் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது.

சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா கொழும்பில் கட்டட வேலை செய்தார். மாதம் ஒருமுறை வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்கள் முன்னாலேயே குளிசையை விழுங்குவார். சின்னம்மா தன்னுடையதைக் கையில் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வாழையடியில் விரலால் மண்ணைக் கிளறி அதைத் தாட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"அம்மாட்டச் சொல்லிடாத புள்ள. நேரம் வரக்குள்ள நானே சொல்லுவன்."

எதைச் சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. குளிசைக்குப் பயப்படும் பெரிய ஆள் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இருந்தேன்.

இரண்டு கிழமை கழித்துச் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலியில் எழுந்து நிற்க முடியவில்லை; கண் சிவந்துவிட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கண்ணில் மஞ்சள் ஏறியது. ஓட்டோ பிடித்து வாவிப் பாலம் தாண்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னை விட்டுப்போக வீட்டில் ஆளில்லாததால் நானும் போனேன்.

அங்கிருந்த பெண் டொக்டர் முதலில் கேட்டதே குளிசை போட்டாரா என்றுதான். கிழமை தவறாமல் போட்டாள் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்ல, அவ போடல்ல. வாழையடியில தாட்டவ" என்றேன் நான்.

டொக்டர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சின்னம்மாவின் பக்கம் குனிந்து ஏதோ மெல்லக் கேட்டார். சின்னம்மா தலையாட்டினார். உடனே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். "எனக்கிட்டயாவது சொல்லியிரிக்கலாமே" என்று அம்மா அழுவது விறாந்தை வரைக்கும் கேட்டது. குளிசைக்காக ஒருவர் இப்படி அழுவாரா என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் வீட்டில் யாருக்கும் சந்தோசமில்லை. பார்க்க வந்த பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா வேலிப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாயில் படுத்திருந்த சின்னம்மாவிடம் போய், பள்ளிக்கூட ரீச்சரின் குரலில் கேட்டேன்:

"அந்தக் குளிசையப் போட்டிருந்தா உங்களுக்கு ஒண்டும் வந்திருக்காதுதானே?"

அடுப்படியில் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஓம் புள்ள" என்றார் சின்னம்மா.

பல வருடங்களுக்குப் பிறகு, என் முதல் பிள்ளைக்காகக் கிளினிக் போனபோது, கர்ப்பகாலத்தில் எடுக்கக் கூடாத மருந்துகளை மருத்துவமாது சொன்னார். எலிக்காய்ச்சல் குளிசையும் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். சின்னம்மாவுக்கு அதற்கு முன்பே இரண்டு தங்காமல் போயிருந்தன. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் வாய்திறப்பதில்லை என்று இருந்திருக்கிறார். வயலுக்குப் போகாமல் நின்றால் காரணம் கேட்பார்களே என்றுதான் தொடர்ந்து போயிருக்கிறார்.

நான் போய் அவரிடம் அப்படிக் கேட்டது, அந்தப் பிள்ளையும் கலைந்த ஆறாம் நாள் என்று அம்மா சொன்னார்.